வெள்ளிக்கிழமை காயாத துணிகள்

அத்தியாயம் 8

ஆண்டவன் ரிஷிக்கு மூளையை அளந்து வைத்தான், வாயை மட்டும் அளக்காமல் வைத்துவிட்டான் என்று கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பேச்சு உண்டு. அப்பேர்ப்பட்ட வாய், அந்த வெள்ளிக்கிழமை காலை கார் கூட்டரசு நெடுஞ்சாலையில் ஏறும் வரை திறக்கவே இல்லை. காரை ஓட்டிக்கொண்டிருந்த அவன் முதலாளி, துப்பறிவாளர் நுஃமான், இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். அப்புறம் கேட்டேவிட்டார்.

"என்னடா, பல்வலியா?"

"இல்ல பாஸ். பெட்ரோல் மானியத்தக் குறைச்ச மாதிரி பேச்சுக்கும் குறைச்சிட்டாங்க."

"அப்ப சரி. உயிரோடதான் இருக்க."

நுஃமான் சாலையைப் பார்த்தார். ரிஷி ஜன்னலைப் பார்த்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? ரிஷியின் நெஞ்சு காலை எட்டரை மணி ஃபோனிலிருந்து குறுகுறுத்துக்கொண்டே இருந்தது.

ஃபோன் செய்தவர் லோகேஸ்வரி டீச்சர். கிள்ளானுக்கு அந்தப் பக்கம், பண்டமாரானில் ஒரு பாலர் பள்ளி நடத்துகிறார். போன மாதம் அவர்தான் நுஃமானின் அலுவலகத்துக்கு வந்து புகார் சொன்னவர். பாலர் பள்ளிக்குப் பின்புறம் ஒரு பெரிய சலவை ஆலை. கோலாலம்பூர் ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளை வெள்ளை வெளேரென்று வெளுத்துக் கொடுக்கும் இடம். வெந்நீருக்கும் ஆவிக்கும் அங்கே ஒரு பாய்லர் எரிகிறது. திங்கட்கிழமை கதவைத் திறந்தால் பள்ளித் தரையெல்லாம் கறுப்பாக இருக்கிறது, பிள்ளைகள் இருமுகிறார்கள், ஆலையைக் கேட்டால் எல்லா அளவும் சட்டத்துக்குள் இருக்கிறது என்கிறார்கள், உண்மையைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்றார் டீச்சர்.

நுஃமான் ஒரு காலத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகத் தீ விபத்துகளைத் துருவியவர். புகையைப் பார்த்தால் அவருக்குப் புத்தி சுறுசுறுப்பாகிவிடும். திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரம் முழுக்க அந்தப் புகைபோக்கியை இருவரும் மாறி மாறிக் காவல் காத்தார்கள். கடைசியில், வரம்பு மீறிய புகை எதுவும் வரவில்லை என்று அறிக்கை கொடுத்தார்கள். அதை நம்பி டீச்சர் சுற்றுச்சூழல் இலாகாவுக்குக் கொடுத்திருந்த புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

போன வெள்ளிக்கிழமை, பள்ளி முற்றத்தில் ஆடிக்கொண்டிருந்த தாமரை என்ற ஐந்து வயதுக் குழந்தை மூச்சு வாங்க முடியாமல் விழுந்துவிட்டாள். ஒரு வாரமாக ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். பெற்றோர்கள் ஒவ்வொருவராகப் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

"உங்க ரிப்போர்ட்ட நம்பித்தானே சார் புள்ளைங்கள வெளிய விட்டேன்?" என்று ஃபோனில் கேட்டார் டீச்சர். கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் மெதுவாகக் கேட்டார்.

இதில் ரிஷிக்கு மட்டும் தெரிந்த ஒரு சங்கதி இருந்தது. காவல் வாரத்தில் வெள்ளிக்கிழமை மதியம் நுஃமான் ஜும்ஆ தொழுகைக்குப் போனார். அந்த நேரக் காவல் ரிஷியுடையது. ரிஷி கால் மணி நேரம் நின்றான். புகைபோக்கி சாதுவாக நின்றது. வயிறு சாதுவாக இல்லை. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் வெள்ளிக்கிழமை மட்டும் மட்டன் பிரியாணி போடுவார்கள். போனான், வரிசையில் நின்றான், தின்றான், திரும்பி வந்தான். அப்போதும் புகைபோக்கி சாதுவாகவே நின்றது. ஆகவே வியாழக்கிழமை எடுத்த படம் ஒன்றை வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் ஒட்டி, 'புகை இல்லை' என்று எழுதிவிட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். ரிஷி பிரியாணியில் மறைத்தான்.

இதை இன்று காலையே பாஸிடம் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. மானிய ஜோக்காக மாறி வெளியே போய்விட்டது.

பாலர் பள்ளி ஒரு மூலை வீடு. முன்புறம் துறைமுகத்துக்குப் போகும் லோரிகள் உறுமும் சாலை. பக்கத்தில் தகரக் கூரை போட்ட முற்றம். அதில் மஞ்சள் பிளாஸ்டிக் சறுக்கு ஒன்று. வழக்கமாகச் சந்தை மாதிரி இருக்கும் இடத்தில் அன்று நான்கைந்து பிள்ளைகள்தான் இருந்தார்கள். லோகேஸ்வரி டீச்சர் அவர்களை உள்ளே உட்கார்த்தி வைத்து ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்.

"தண்ணி ஊத்திக் கழுவிட்டீங்களா டீச்சர்?" என்றார் நுஃமான், முற்றத்தைப் பார்த்து.

"தரையக் கழுவிட்டேன். அந்தச் சறுக்க இன்னும் தொடல. அதப் பாத்தாலே அழுகை வருது சார்."

நுஃமான் சறுக்கைச் சுற்றி வந்தார். சாலையைப் பார்த்த பக்கம் மஞ்சளாகப் பளிச்சென்று இருந்தது. பின்பக்கம் கறுப்புப் படிந்திருந்தது. விரலால் தொட்டுக் கட்டைவிரலில் தேய்த்தார். மசி மாதிரி ஒட்டியது.

"அன்னிக்கு இந்தக் கறுப்பு இது மேல படிஞ்சப்ப என்னன்னு நெனச்சீங்க?"

"லோரிப் புகைன்னுதான். இந்த ஊர்ல எது கறுப்பா இருந்தாலும் லோரி மேலதான் பழியப் போடுவோம். கூரை இருக்கிறதால ஆலையோட புகைபோக்கி இங்கேருந்து தெரியாது. அதுவுமில்லாம..." டீச்சர் நிறுத்தினார். "அதுல ஒண்ணுமில்லன்னு நீங்க எழுதிக் குடுத்துட்டீங்க."

ரிஷி எதையாவது சொல்லி அந்த வாக்கியத்தின் மேல் மண்ணைப் போட நினைத்தான். "லோரிப் புகைன்னா முன்பக்கம்தானே பாஸ் கறுக்கணும்? லோரிக்கு இறக்கை முளைச்சு, கூரையச் சுத்திக்கிட்டுப் பின்பக்கமா வந்தா இறங்கும்?"

"அதேதான்," என்றார் நுஃமான். "ஜோக்கு அடிக்கும்போதுதான் உனக்கு மூளை வேல செய்யுது. டீச்சர், குழந்தை விழுந்தது எத்தன மணிக்கு?"

"ஒண்ணரை இருக்கும். கலைநிகழ்ச்சிக்கு ஒத்திகை. அது ரெண்டாவது வாரம்தான். முன்னெல்லாம் வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்கே பூட்டிருவேன்."

நுஃமான் தலையை ஆட்டிக்கொண்டார். வெள்ளிக்கிழமை என்ற சொல்லைக் கேட்டதும் ரிஷியின் காது மடல் சூடானது.

பின்தெருவில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருந்தன. அவற்றுக்கு அந்தப் பக்கம் ஆலையின் சுவர். அதற்கு மேலே சாம்பல் நிறப் புகைபோக்கி, வாயிலிருந்து லேசான வெண்புகை. பத்து மணி வெயில் மண்டையைப் பிளந்தது. நுஃமான் தெரு முனையில் நின்று வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ரிஷியும் பார்த்தான். அவனுக்கு வீடுகள்தான் தெரிந்தன.

"இந்தத் தெருவுல என்ன இல்ல, சொல்லு."

"ஏர்கோன் இல்ல, பார்க்கிங் இல்ல, நமக்கு ஒரு தே தாரேக் டீ போட்டுத் தர ஆள் இல்ல."

"துணி இல்லடா."

ரிஷி மறுபடி பார்த்தான். உண்மைதான். தமிழர் வீட்டு முன்னாலும் கொடி காலி. அடுத்த மலாய்க்காரர் வீட்டிலும் காலி. கோடியில் சீனர் வீட்டு மூங்கில் கழிகளும் சும்மா நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு வாரமாக மழை பெய்த ஊரில் அன்றுதான் வெயில் வந்திருந்தது. எந்த வீட்டுப் பெண்மணியும் விடமாட்டாள் அப்படி ஒரு வெயிலை.

ஒரு வீட்டு வாசலில், நிழலில், ஈரத் துணி நிரம்பிய வாளி ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு அம்மாள் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். வீரம்மா என்று பெயர். காவல் வாரத்தில் ரிஷிக்கு ஒரு தடவை தண்ணீர் கொடுத்தவர்.

"என்னா ஆன்டி, துணி வாளியிலேயே காயுமா?" என்றான் ரிஷி.

"காயாதுதான். என்னா பண்றது? இன்னிக்கு வெள்ளிக்கிழமையாச்சே."

"வெள்ளிக்கிழமை துணி காயப்போடக் கூடாதுன்னு ஏதாவது விரதமாம்மா?" என்றார் நுஃமான்.

"விரதமும் இல்ல, ஒண்ணும் இல்ல. மதியானம் கரி கொட்டும். மறுபடி துவைக்கணும். ரெண்டு மணிக்கு மேல போடுவோம். இந்தத் தெருவுல எல்லாருமே அப்படித்தான். அந்த மலாய்க்கார வீட்டு மாக்சிக்கும் தெரியும், கோடி வீட்டுச் சீன ஆன்டிக்கும் தெரியும்."

"ரொம்ப நாளாவா?"

"ரெண்டு மூணு வருஷம் இருக்கும். அதுக்கு முன்னாடி தினம் கொட்டும். இப்ப வாரம் ஒரு நாள்தானே, போவுது போன்னு விட்டுட்டோம். நாங்க எல்லாம் அந்த நேரம் கதவச் சாத்திக்கிட்டு டிவி பாத்துருவோம்லா."

"நீங்க ஒரு வெள்ளிக்கிழமைகூட மறந்து போட்டதில்லையா?"

"மறக்கவே மறக்காது. ஒரு தடவ வெள்ள பாவாடையப் போட்டுட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

நுஃமான் நன்றி சொல்லித் திரும்பினார். அவர் முகத்தில் ஒரு முடிச்சு அவிழ்ந்த திருப்தி. ரிஷி காலிக் கொடியை மறுபடி பார்த்தான். அவன் அறிக்கையில் ஒட்டிய படம் இதே வாசலிலிருந்து எடுத்தது. மேலே புகைபோக்கி. கீழே, படத்தின் பாதியை அடைத்துக்கொண்டு, வீரம்மாவின் நீல நைட்டியும் இரண்டு கைலிகளும் கொடியில் ஆடிக்கொண்டிருந்தன. வியாழக்கிழமைத் துணிகள்.

பாஸ் அந்தப் படத்தை மறந்திருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பாஸ் எதையும் மறக்கிறவர் அல்ல என்றும் அவனுக்குத் தெரியும்.

பன்னிரண்டரைக்கு நுஃமான் காரின் பின்னிருக்கையிலிருந்து தொப்பியை எடுத்தார். "நான் ஜும்ஆவுக்குப் போறேன். நீ இங்க நில்லு." சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். வெள்ளையில் தொடங்கிக் கறுப்பில் முடியும் கட்டங்கள் போட்ட அட்டை. புகைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தால் அது எத்தனை கறுப்பு என்று தெரியும்.

"பாஸ்... நானா?"

"வேற யாரு? நீ பாத்தா நான் பாத்த மாதிரி."

முதுகில் ஓர் அறை விட்டிருந்தால்கூட ரிஷி தாங்கியிருப்பான். அட்டையை வாங்கிக்கொண்டான்.

வீரம்மா தன் ஜன்னலைச் சாத்தினார். பக்கத்து வீட்டு ஜன்னலும் சாத்தப்பட்டது. தெருவே யாரோ மணி அடித்த மாதிரி உள்ளே போய்விட்டது. பள்ளிவாசல் பக்கமிருந்து பாங்கு ஒலித்து ஓய்ந்தது. ரிஷி மட்டும் வெயிலில் நின்றான். பசித்தது. பசிக்கத் தனக்கு என்ன தகுதி என்று அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக யோசித்தான்.

ஒரு மணி தாண்டியதும் புகைபோக்கி ஒரு தடவை கனைத்தது. வெண்புகை நின்றது. அடுத்து வந்தது புகை என்று சொல்லத் தகுந்ததாக இல்லை. தார்ச்சட்டியைக் கவிழ்த்த மாதிரி கறுப்பாகத் திரண்டு, மேலே போக மனமில்லாமல் சரிந்து, வீட்டுக் கூரைகளின் மேல் படுத்துக்கொண்டே பாலர் பள்ளிப் பக்கம் நகர்ந்தது. ரிஷி அட்டையைத் தூக்கிப் பிடித்தான். கட்டங்களில் கடைசிக் கட்டம். அதற்கு மேல் காட்ட அட்டையில் கறுப்பு இல்லை.

ஃபோனில் படம் எடுத்தான். தொண்டை எரிந்தது. இருமல் வந்து, நின்று, மறுபடி வந்தது. அவன் இருபத்தெட்டு வயது தடியன். இதற்கு நடுவில் ஐந்து வயதுப் பிள்ளை கையைத் தூக்கி ஆடினால் எப்படி இருக்கும் என்று அவன் மனம் கேட்டது. அந்தக் கேள்வியை நிறுத்த அவனிடம் ஜோக் எதுவும் இல்லை.

தொழுகை முடிந்து நுஃமான் வந்தபோது புகை அடங்கியிருந்தது. ரிஷியின் வெள்ளைச் சட்டையில் கரும்புள்ளிகள். நுஃமான் படத்தைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், ஆலையின் பின்வாசலைப் பார்த்தார்.

"வா. பாய்லர்மேனப் பாப்போம். ஆலை முதலாளி தவ்கே வர்றதுக்கு முன்னாடி."

பின்வாசல் திறந்திருந்தது. எண்ணெய் எடுத்த செம்பனைக் கொட்டை ஓடுகள் ஒரு குவியலாகக் கிடந்தன. அதுதான் அங்கே எரிபொருள். பாய்லருக்குப் பக்கத்தில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு நின்றார். சட்டையில் யுகேந்திரன் என்று பெயர் தைத்திருந்தது. ரிஷியின் சட்டைப் புள்ளிகளைப் பார்த்ததுமே அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"டெப்பார்ட்மெண்டா அண்ணே?"

"இல்ல. பின்னாடி இருக்கிற டீச்சரோட ஆளுங்க," என்றார் நுஃமான். "இப்ப என்ன செஞ்சீங்கன்னு எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க. நான் படிச்சது கணக்கு."

மறைக்கிறவர் முகம் இல்லை அது. யுகேந்திரன், பாய்லரிலிருந்து புகைபோக்கிக்குப் போகும் குழாயின் நடுவில் இருந்த பெரிய இரும்புப் பெட்டியைத் தட்டினார். "இதுக்குள்ள துணிப் பைங்க தொங்குது. வெக்கூம் கிளீனர்ல இருக்குமே, அந்த மாதிரி. புகை இதுக்குள்ள பூந்து போனா தூள் எல்லாம் பையில நின்னுரும், வெறும் காத்துதான் வெளிய போவும். புதுச் சட்டம் வந்து, ஒரு கன மீட்டர் காத்துல இவ்வளவு தூள்தான் இருக்கலாம்னு கட்டாயம் ஆனப்புறம்தான் தவ்கே இத வாங்கினாரு. அதுக்கு முன்னாடி தினமும் கறுப்புதான். சட்டம் நல்ல சட்டம்ணே. தெருவே மூச்சு விட்டிச்சு."

"அப்புறம் இது என்ன?" ரிஷி தன் சட்டையை இழுத்துக் காட்டினான்.

"பாய்லர் உள்ள குழாயில கரி ஏறும். வாரம் ஒரு தடவ ஆவிய அடிச்சு உதிர்க்கணும். அவ்வளவு கரியும் ஒரே நேரத்துல வந்தா இந்தப் பைங்க தாங்காது, ஏற்கெனவே நைஞ்சு போயிருக்கு. புதுப் பை கேட்டு ஒரு வருஷம் ஆச்சு. அதனால அந்த நேரம் மட்டும் பெட்டிய விட்டுட்டு நேரா மேல திறந்து விட்டுருவேன்."

"டெஸ்ட் எடுக்கறவங்களுக்குத் தெரியாதா?" என்றார் நுஃமான்.

"அவங்க தேதி சொல்லிட்டு வருவாங்க. அன்னிக்குக் குழாய் சுத்தமா இருக்கும், பை வேலை செய்யும், அளவு எல்லாம் உள்ளுக்குள்ள இருக்கும். அந்தக் காகிதம் பொய் இல்ல. அந்த நாளைக்கு உண்மை."

இந்த இடத்தில் ரிஷி குறுக்கே பாய்ந்தான். இன்னொருவன் மேல் குற்றம் இருக்கிறது என்பதில் அவனுக்கு அப்படி ஒரு ஆறுதல். "நேரத்தப் பாத்தீங்களா பாஸ்! வெள்ளிக்கிழமை மதியானம். ஆபீசருங்க எல்லாம் தொழுகைக்குப் போயிருப்பாங்க, எவனும் வந்து பாக்க மாட்டான். கள்ளத்தனத்துக்கு நல்ல நேரம் பாத்து வச்சிருக்காங்க!"

யுகேந்திரன் அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆபீசருக்காக இல்ல தம்பி. தவ்கே ராத்திரிலதான் செய்யச் சொன்னாரு. இருட்டுல கறுப்பு தெரியாதுன்னு. நான்தான் மாட்டேன்னேன். ராத்திரி எல்லாரும் ஜன்னலத் திறந்து போட்டுத் தூங்குறாங்க, கைக்குழந்தைங்க இருக்கு. வெள்ளிக்கிழமை மதியானம்னா தெருவுல பாதி ஆம்பளைங்க தொழுகையில, மீதிப் பேரு வேலைல. வீட்ல இருக்கிறவங்ககிட்ட நானே ஒவ்வொரு வீடாப் போய்ச் சொல்லி வச்சேன், அந்த நேரம் துணி போடாதீங்க, கதவச் சாத்திக்கங்கன்னு."

"டீச்சர்கிட்ட?" என்றார் நுஃமான்.

"டீச்சர்கிட்ட என்னத்துக்குச் சொல்லணும்? அது பன்னெண்டு மணிக்கே கேட்டப் பூட்டிட்டுப் போயிருமே. அதுக்காகத்தானே இந்த நேரத்தையே புடிச்சேன்! புள்ளைங்க இல்லாத நேரம் அது ஒண்ணுதான்."

நுஃமான் பள்ளி இருந்த பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பாய்லர் உள்ளே குமுறிக்கொண்டிருந்தது.

"போன வெள்ளிக்கிழமை புள்ளைங்க இருந்தாங்க," என்றார் நுஃமான். "முற்றத்துல ஒத்திகை. ஒரு பொண்ணு மூச்சு முட்டி விழுந்திருச்சு. ஆஸ்பத்திரில இருக்கு."

யுகேந்திரன் கையிலிருந்த துண்டைக் கீழே விட்டார். சுவரில் சாய்ந்து மெல்ல உட்கார்ந்தார். "இருந்திச்சா?" என்றார். "வெள்ளிக்கிழமையா? ஏன் இருந்திச்சு? எப்பவும் இருக்காதே. யாரு வெளிய விடச் சொன்னது?"

ரிஷி தரையைப் பார்த்தான்.

"நாங்க," என்றார் நுஃமான். "புகை இல்லன்னு நாங்கதான் எழுதிக் குடுத்தோம்."

யுகேந்திரன் சண்டைக்கு வரவில்லை. வேலை போய்விடும் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் இலாகாவில் வந்து நடந்ததை நடந்தபடி சொல்வதாக அவரே சொன்னார். பெட்டியைத் திறந்து கிழிந்த பைகளைக் காட்டினார். ரிஷி படம் எடுத்தான். வழக்கு முடிந்துவிட்டது. துப்பறியும் நிலையத்துக்கு வெற்றி. இப்படி ஒரு வெற்றி எதிரிக்கும் வரக்கூடாது.

காருக்குள் வந்து உட்கார்ந்ததும் நுஃமான் சாவியைப் போடவில்லை. ஃபோனை எடுத்து ஒரு படத்தைத் திறந்து ரிஷியின் மடியில் வைத்தார். சாதுவான புகைபோக்கி. நீல நைட்டி. இரண்டு கைலி.

"இது என்னைக்கு எடுத்தது?"

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொல்ல ரிஷியின் வாய் ஒரு கணம் தயாரானது. பிறகு அதுவும் அலுத்துப்போய்விட்டது.

"வியாழக்கிழமை, பாஸ்."

"வெள்ளிக்கிழமை நீ எங்க இருந்த?"

"லிட்டில் இந்தியாவுல."

"என்ன சாப்பிட்ட?"

"மட்டன் பிரியாணி."

"நல்லா இருந்திச்சா?"

ரிஷி படத்திலிருந்த நீல நைட்டியையே பார்த்தான்.

"வீரம்மா பேசினப்பவே தெரிஞ்சிரிச்சா பாஸ்?"

"அவங்க மறக்கவே மறக்காதுன்னாங்க பாரு, அப்ப."

"அப்புறம் ஏன் என்னையே மறுபடி காவலுக்கு வச்சீங்க?"

"அன்னிக்கு நீ பாக்காம விட்டத நீதான் பாக்கணும்." நுஃமான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் குரலிலும் தெம்பு இல்லை. "கையெழுத்து என்னோடதுடா. அந்தக் கொடி காலியா இருக்கிறத அந்த வெள்ளிக்கிழமை நானும் பாத்திருக்கணும். காலைல ரெண்டு மணி நேரம் அதே தெருவுல நின்னேன். புகைபோக்கியப் பாத்துக்கிட்டே மேலயே நின்னுட்டேன், கீழ பாக்கல. தொழுகையில நின்னேன் இன்னிக்கு, ஒரு வார்த்தை மனசுல நிக்கல."

"என்னைய வேலைய விட்டு அனுப்பிருங்க பாஸ்."

"அது உனக்குச் சுலபமா இருக்கும். முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

மாலைப் பார்வை நேரம். குழந்தைகள் வார்டு வாசலில் நுஃமான் நின்றுகொண்டார். "நீ மட்டும் போ," என்றார்.

தாமரை தூங்கிக்கொண்டிருந்தாள். மூக்கில் மெல்லிய குழாய். மார்பு இன்னும் கொஞ்சம் வேகமாகத்தான் ஏறி இறங்கியது. கட்டிலருகே பிளாஸ்டிக் நாற்காலியில் அவளுடைய அம்மா மலர்விழி உட்கார்ந்திருந்தார். ஒரு வாரம் தூங்காத தூக்கம் கண்ணுக்குக் கீழே கிடந்தது. பாலர் பள்ளி வழக்கை விசாரிக்கிற ஆள் என்று ரிஷி தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டதும் அவர் பதறி எழுந்தார்.

"டீச்சர் மேல எந்தத் தப்பும் இல்ல தம்பி. எல்லாரும் அவங்களப் போட்டு ஏசுறாங்க. நீங்களாவது கேளுங்க. தப்பு என்னோடது."

"உங்களோடதா?"

"முதல் நாள் ராத்திரி ஐஸ் கேட்டுச்சு. வேணாம் வேணாம்னு சொல்லிட்டு, அழுதுச்சேன்னு ஒரு கப்பு ஐஸ் கச்சாங் வாங்கிக் குடுத்துட்டேன். அதான் நெஞ்சக் கட்டிக்கிச்சு. இவ அப்பா லோரி ஓட்டப் போயிருந்தாரு. வந்து கேட்டாரு, சொன்னேன். அன்னையிலேருந்து என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. என் மாமியார் புள்ளையத் தொடக்கூட விட மாட்டேங்குறாங்க. அவங்க சொல்றதும் நியாயம்தானே? பெத்தவளே ஐஸ் வாங்கிக் குடுத்தா..."

ரிஷி அங்கேயே, கட்டிலுக்குப் பக்கத்தில், தரையில் குந்தி உட்கார்ந்துவிட்டான். ஒரு கப் ஐஸை இந்தப் பெண் ஒரு வாரமாகக் கழுத்தில் கல்லாகக் கட்டிக்கொண்டு சுமக்கிறாள். அது அவளுடைய கல்லே இல்லை.

"ஐஸ் இல்லக்கா."

"டாக்டரும் அப்படித்தான் சொன்னாரு, ஆறுதலுக்கு..."

"ஆறுதலுக்கு இல்ல. ஆலைப் புகைக்கா. வெள்ளிக்கிழமை மதியானம் மட்டும் வரும். அதப் பாத்துச் சொல்றதுதான் என் வேல. காவலுக்கு நின்ன வெள்ளிக்கிழமை நான் பாக்கல. சாப்பிடப் போயிட்டேன். போயிட்டு வந்து, பாத்த மாதிரி வேற நாளு படத்த ஒட்டி, புகை இல்லன்னு எழுதிட்டேன். அத நம்பித்தான் டீச்சர் புள்ளைங்கள வெளிய விட்டாங்க."

மலர்விழி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுவார் என்று நினைத்தான். அடிப்பார் என்று நினைத்தான், அதற்குக் கன்னத்தையும் தயாராக வைத்திருந்தான். அவர் குழந்தையின் போர்வையை இழுத்துச் சரி செய்தார். பிறகு வார்டு வாசலைக் காட்டினார். தோள் அகன்ற ஒரு மனிதர், கையில் மைலோ பொட்டலத்தோடு, மனைவி பக்கம் பார்க்காமலே உள்ளே வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு மூதாட்டி.

"அவருதான் விஜயன். என் வீட்டுக்காரரு. பின்னால வர்றது அவங்க அம்மா," என்றார் மலர்விழி. "இப்ப என்கிட்ட சொன்னத ஒரு வார்த்தை குறைக்காம அவங்ககிட்ட சொல்லுங்க."

ரிஷி தரையிலிருந்து எழுந்தான். சட்டையின் கரும்புள்ளிகளைத் தட்டிவிடக் கை போனது, தட்டாமல் விட்டான். விஜயன் இவன் யார் என்பது போல நெற்றியைச் சுருக்கினார்.

"அண்ணே, என் பேரு ரிஷி," என்றான். "அக்கா மேல தப்பு இல்லண்ணே."